பற்றும் வரவும்

2008ஆம் வருஷம் ஜோ ஜோனஸ் என்ற பையன், டெய்லர் ஸ்விஃப்ட் என்ற பெண்ணோடு இருந்த உறவை போனிலேயே முடித்துக்கொண்டான். அவனும் பாட்டுக்காரன்தான். அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்து பாடி, பள்ளிக்கூடப் பெண்களைக் கிறுக்குப் பிடிக்க வைத்திருந்த காலம் அது. அவளுக்கு வயது 18. அந்த வயதில் அப்படி ஒரு போன் வந்தால் தலையணையில் முகம் புதைக்கலாம், தோழியைக் கூப்பிட்டு அழலாம், அம்மாவிடம் எரிந்து விழலாம். இவள் போனைத் திருப்பி, அந்த அழைப்பு எத்தனை விநாடி ஓடியது என்று பார்த்தாள். 27 விநாடி. பார்த்ததோடு விட்டாளா? எலன் டிஜெனரஸின் டிவி நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்து, அமெரிக்கா முழுக்கக் கேட்கும்படி அந்த எண்ணை வாசித்தாள்.

முப்பது வருஷம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். அண்ணன் மகள் வீட்டில் இந்தப் பாட்டுகளை ஓடவிட்டபோது முதலில் காதில் வாங்கவில்லை. 'டெய்லர், டெய்லர்' என்று அவள் உருகுவதைக் கேட்டு, தெருமுனையில் காலர் திருப்பித் தைத்துக் கொடுக்கிறவரைப் பற்றி இவ்வளவு உருக என்ன இருக்கிறது என்று யோசித்ததும் உண்டு. 27 விநாடிக் கதையைக் கேட்ட அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட, நம்ம ஆள்!

ரசிகர்கள் இவள் சரித்திரத்தை யுகம் யுகமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு நிறம், ஒரு சிகை, ஒரு வகைச் செருப்பு. எனக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. பிடிபட்டது பேரேடு. நம் கணக்குப் பாஷையில் ஒரு குறும்பு உண்டு. கொடுத்துவிட்டு வசூலாகாமல் நிற்பதற்குப் பற்று என்று பேர். மனசு ஒருத்தர்மேல் போய் ஒட்டிக்கொள்வதற்கும் பற்று என்றுதான் பேர். கைக்கு வந்து சேர்ந்தால் வரவு. 2006 முதல் 2025 வரை பன்னிரண்டு ஆல்பம். பன்னிரண்டையும் இந்த இரண்டு பத்திக்குள் அடக்கிவிடலாம்.

பிறந்தது 1989 டிசம்பர் 13, பென்சில்வேனியாவில். அப்பா மெரில் லிஞ்ச் கம்பெனியின் பங்குத் தரகர். வளர்ந்தது கிறிஸ்துமஸ் மரப் பண்ணையில். ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்து, சீசன் வந்ததும் வெட்டி விற்கிற தொழில். காதலர்களுக்குப் பின்னால் நேர்ந்ததை நினைத்தால், பெண் சின்ன வயசில் ஜன்னல் வழியாக எதையெல்லாம் பார்த்துப் பழகியிருக்கிறாள் என்று தோன்றுகிறது. அம்மாவைப் பெற்ற பாட்டி மார்ஜரி ஃபின்லே ஓபரா பாடகி. பாட்டியிடமிருந்து தொண்டை, அப்பாவிடமிருந்து பேரேடு. பேரை மட்டும் ஜேம்ஸ் டெய்லர் என்ற பாடகரிடமிருந்து கைமாற்றாக வாங்கிக்கொண்டார்கள். தொண்டை விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பாட்டியுடையதில் ஒரு பங்குதான் பேத்திக்கு வந்தது. பேரேடு முழுசாக வந்தது.

கன்ட்ரி இசை பாடியே தீருவேன் என்று பெண் பிடித்த பிடியில், அவளுக்கு 14 வயசானபோது குடும்பமே டென்னசிக்கு மூட்டை கட்டியது. ஆர்சிஏ என்ற பெரிய கம்பெனி அவளை 'வளரட்டும், பார்க்கலாம்' என்கிற மாதிரி ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. நம் ஆபீஸ்களில் மனு 'பரிசீலனையில்' இருக்குமே, அதேதான். அவள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாஷ்வில்லில் புளூபேர்ட் கஃபே என்ற சின்ன இடத்தில் பாடியபோது ஸ்காட் போர்செட்டா என்பவர் கேட்டார். அப்போது அவரிடம் கம்பெனி கிடையாது. கம்பெனி ஆரம்பிக்கிற எண்ணம்தான் இருந்தது. அந்த எண்ணத்துக்கு பிக் மெஷின் என்று பேர் வைத்தார். பெண்ணின் அப்பா அதில் சின்னதாக ஒரு பங்கும் வாங்கிப் போட்டார். இந்த வரியை மட்டும் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வெடிக்கும்.

2006 அக்டோபரில் முதல் ஆல்பம். பேர் யோசிக்க நேரமில்லை போல. தன் பேரையே வைத்துவிட்டாள். பாஞ்சோ, ஃபிடில், விசும்புகிற ஸ்டீல் கிதார். பென்சில்வேனியாப் பெண்ணின் நாக்கில் தென்மாநிலக் கொச்சை ஏறி உட்கார்ந்திருந்தது. மதுரைக்கு மாற்றலாகிப் போன மூன்றாம் மாசமே 'அவிங்க, இவிங்க' என்று பேசுகிற பிள்ளைகள் உண்டல்லவா, அந்த வேகம். பாட்டுகளில் பிக்கப் டிரக் வரும், பள்ளிக்கூட வராந்தா வரும், இவளை விட்டுவிட்டு இன்னொருத்தியைப் பார்க்கிற பையன் வருவான். ஒரு பாட்டில் பையனின் நிஜப் பேரையே போட்டாள். போதாததற்கு ஆல்பத்தோடு வந்த பாடல் வரிப் புத்தகத்தில் எல்லாம் சின்ன எழுத்து, நடுநடுவே சம்பந்தமில்லாமல் ஒரு பெரிய எழுத்து. பெரிய எழுத்துகளை மட்டும் கூட்டி வாசித்தால் யாருக்கு எழுதிய பாட்டு, என்ன வயிற்றெரிச்சல் என்ற துப்பு கிடைக்கும். ரகசியப் பேரேடு ஒன்றை அச்சடித்து, சாவியையும் சேர்த்துக் கொடுத்து, காசுக்கு விற்ற முதல் கணக்குப்பிள்ளை இவளாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் சிங்கிளின் பேர் 'டிம் மெக்ரா'. அது அன்றைக்கு உச்சத்திலிருந்த கன்ட்ரி பாடகரின் பேர். புதுசாகக் கடை போடுகிறவன் எதிரிலிருக்கும் பெரிய கடையின் பேரைத் தன் போர்டில் எழுதிவைத்த சாமர்த்தியம். அடுத்த வருஷம் ஒரு விருது விழாவில் அந்த மனுஷனுக்கு முன்னாலேயே நின்று பாடி, முடிந்ததும் இறங்கிப்போய்க் கைகொடுத்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

இரண்டாவது ஆல்பம் 'ஃபியர்லெஸ்', 2008 நவம்பர். ஆல்பம் அச்சுக்குப் போகிற நேரம்தான் அந்த 27 விநாடி போன் வந்தது. கடைசி நிமிஷத்தில் கம்பெனிக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி 'ஃபாரெவர் அண்ட் ஆல்வேஸ்' என்ற பாட்டை உள்ளே செருகினாள். கணக்கு முடிக்கிற மார்ச் 31 ராத்திரி வவுச்சர் செருகுவதை நானும் பார்த்திருக்கிறேன்; அதில் இவ்வளவு ராகம் இருந்ததில்லை. அதே ஆல்பத்தில்தான் 'லவ் ஸ்டோரி'. படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் எழுதியதாக அவளே சொல்லியிருக்கிறாள். ஷேக்ஸ்பியர் ரோமியோவையும் ஜூலியட்டையும் கொன்றுவிட்டுப் போனார். பெண் பார்த்தாள், இரண்டு பேர் செத்தால் யாருக்கு லாபம்? அப்பாவிடம் சம்மதம் வாங்கி, மோதிரத்தோடு மண்டியிட வைத்து, கல்யாணத்தில் கொண்டுபோய் முடித்தாள். நானூறு வருஷத்து வாராக்கடன் ஒரே கோரஸில் வசூல்.

2009 செப்டம்பரில் எம்டிவி விருது மேடையில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கான்யே வெஸ்ட் என்ற ராப் பாடகர் ஏறிவந்து மைக்கைப் பிடுங்கி, பாடகி பியான்சேயின் வீடியோதான் உசத்தி என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். ஒபாமாவே அவரைத் திட்டினார். பேட்டிக்கு நடுவே சும்மா சொன்னது வெளியே கசிந்துவிட்டது. பெண் என்ன செய்தாள்? அடுத்த வருஷம் அதே மேடைக்கு வந்து 'இன்னொசென்ட்' என்று மன்னிப்புப் பாட்டு பாடினாள். மன்னிப்பு என்பது எங்கள் பாஷையில் கடன் தள்ளுபடி. தள்ளுபடி செய்தவர் நல்லவர் என்று பேர் வாங்குவார். கடன்காரன் கடைசிவரை கடன்காரன்தான். போதாக்குறைக்கு 2010 கிராமியில் வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்ற பரிசு 'ஃபியர்லெஸ்'ஸுக்கு. அப்போது அவளுக்கு வயது 20.

ஆனால் அதே கிராமி ராத்திரியில் ஸ்டீவி நிக்ஸ் என்ற பாடகியோடு சேர்ந்து பாடியதில் சுருதி எங்கோ வெளியூர் போய்விட்டது. விமர்சகர்கள் உரித்துவிட்டார்கள். இந்தப் பெண்ணுக்குப் பாடவும் வராது, பாட்டு எழுதுவதும் கூட இருக்கிறவர்கள்தான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. இரண்டுக்கும் தனித்தனி வவுச்சர் போட்டாள். பாட்டு எழுத ஆள் வைத்துக்கொள்ளவே இல்லை. 2010இல் வந்த 'ஸ்பீக் நவ்' ஆல்பத்தின் 14 பாட்டும் ஒற்றை ஆளாக எழுதியவை. வைத விமர்சகருக்கு 'மீன்' என்றொரு பாட்டு. கடலில் நீந்துவது அல்ல. ஆங்கிலத்தில் அற்பத்தனம் என்று அர்த்தம். பாஞ்சோவைத் தட்டிக்கொண்டு சிரித்தபடியே கிழிக்கிற அந்தப் பாட்டுக்கு 2012இல் இரண்டு கிராமி. எந்த மேடையில் சுருதி போனதோ அதே விழா. அசலோடு வட்டி.

'ஸ்பீக் நவ்' முதல் வாரத்தில் 10 லட்சத்து 47 ஆயிரம் பிரதி விற்றது. இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். பத்து லட்சம் தாண்டியவரை 'அவள்' என்று எழுதினால் தமிழ் பொறுக்காது. இனி 'அவர்'.

இந்த ஆல்பத்தில் இன்னொரு பாட்டு, 'டியர் ஜான்'. ஆறே முக்கால் நிமிஷம். யார் அந்த ஜான் என்று அவர் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் பாட்டு முழுக்கப் பின்னால் இழுத்து இழுத்து அழுகிற ப்ளூஸ் கிதார், ஜான் மேயர் என்ற பாடகரின் கை வாசிப்பது போலவே இருக்கும். வைவதற்கு அவர் வாத்தியத்தையே இரவல் வாங்கியிருக்கிறார்! சும்மா இருந்திருக்கலாம் மேயர். 2012இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையிடம் அந்தப் பாட்டால் தான் அவமானப்பட்டுப்போனதாகச் சொல்லிவிட்டார். பேர் போடாமல் அனுப்பிய பில்லுக்கு ஆளே நேரில் வந்து கையெழுத்துப் போட்டது போலாயிற்று.

2012இல் 'ரெட்'. சரக்கிருப்பைப் பார்த்தால் ஒரு பக்கம் பாஞ்சோ, இன்னொரு பக்கம் ஸ்வீடனிலிருந்து வந்த மாக்ஸ் மார்ட்டின், ஷெல்பேக் என்ற இரண்டு பாப் மேஸ்திரிகள். மளிகைக் கடையில் பாதியை மறித்து மொபைல் கடை போட்ட மாதிரி. 'ஐ நியூ யூ வேர் ட்ரபிள்' பாட்டில் கிதாரோடு சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கோரஸில் டப்ஸ்டெப் வந்து விழும். ஜல்லி லாரி சரக்கைக் கொட்டுகிற ஓசை. நாஷ்வில் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முதல் வார விற்பனை 12 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் என் ஓட்டு அந்த ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டுக்கு: 'ஆல் டூ வெல்'. சிங்கிளாக வரவில்லை, ரேடியோவில் அடிபடவில்லை. ஒருத்தனின் அக்கா வீட்டில் மறந்துவிட்டு வந்த ஸ்கார்ஃப் பற்றிய பாட்டு. அந்த ஸ்கார்ஃபை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாரென்று ஊர் பேசியது, நடிகர் ஜேக் ஜில்லன்ஹால் என்று. 'இந்தப் பாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்றார் அவர். அவர் அக்கா மேகி ஜில்லன்ஹாலை 2017இல் டிவியில் நேரடியாகவே கேட்டார்கள்: ஸ்கார்ஃப் எங்கே? பாவம், அந்தம்மாவுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

2014இல் '1989'. இப்போது பாஞ்சோவுக்குக் கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. சின்தசைசர், டிரம் மெஷின், பளபளப்பு. போர்செட்டா கலங்கிப்போய், 'மூணே மூணு கன்ட்ரி பாட்டாவது வையேன்' என்று கேட்டுப்பார்த்தார். முடியாது என்றார் அம்மணி. வரிகளும் மாறின. முன்பெல்லாம் யார், எந்த ஜன்னல், என்ன மழை என்று நுணுக்கமாக எழுதிய கை, இப்போது ஸ்டேடியத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதியது. நியூயார்க்குக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை; அதற்குள் அந்த ஊரை வரவேற்கிற பாட்டு. நகரச் சுற்றுலாத் துறையும் அவரையே வரவேற்புத் தூதராக நியமித்தது. வாடகைக்கு வந்தவரே கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வைத்த கதை.

இந்த ஆல்பம் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பு நடந்ததைச் சொல்லாமல் போனால் பாவம் சேரும். கனடாவின் ஐடியூன்ஸில் தவறுதலாக 'டிராக் 3' என்று ஒரு கோப்பு ஏறிவிட்டது. அதில் பாட்டு இல்லை. 8 விநாடி இரைச்சல். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவின் உஸ்ஸ்ஸ். ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அது கனடாவின் ஐடியூன்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று! இசை விமர்சகர்கள் அவருடைய ஒலி எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஒலியே இல்லாமலும் கடை நடக்கும் என்பது அன்றைக்கே ரசீதோடு தெரிந்துபோன விஷயம்.

காதலனை மாற்றிக்கொண்டே இருக்கிற பைத்தியக்காரி என்று பத்திரிகைகள் எழுதின. சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பைத்தியக்காரியாகவே வேஷம் கட்டி 'பிளாங்க் ஸ்பேஸ்' எழுதினார். அவருடைய நகைச்சுவையின் உச்சம் அதுதான் என்பேன். அதில் ஒரு வரியில் ஏதோ காபிக் கடையின் பேர் வருவதாக உலகத்தில் பாதிப் பேருக்குக் கேட்டது வேறு விஷயம். அடுத்த வருஷம் ஆப்பிள் கம்பெனி தன் இசைச் சேவையை மூன்று மாசம் இலவசமாகத் தருகிறோம், அந்த மூன்று மாசத்துக்குப் பாடகர்களுக்கும் காசு கிடையாது என்றது. அம்மணி ஒரு பகிரங்கக் கடிதம் போட்டார். ஒரே நாளில் ஆப்பிள் இறங்கிவந்தது. 27 விநாடியைக் குறித்து வைத்தவர் மூன்று மாசத்தை விடுவாரா?

2016இல் பழைய தள்ளுபடிக் கணக்கு கிளம்பி வந்தது. கான்யே தன் பாட்டொன்றில் இவரைப் பற்றிக் கன்னாபின்னாவென்று எழுதினார். என்னைக் கேட்கவில்லை என்றார் இவர். கேட்டோமே என்று கான்யேயின் மனைவி கிம் கர்டாஷியன் போன் பேச்சின் துண்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஊரே பாம்புப் படமாக அனுப்பிக் குவித்தது. நயவஞ்சகி என்று அர்த்தம். அம்மணி ஒரு வருஷம் ஆளையே காணோம். முழுப் பேச்சும் வெளியாகி, சர்ச்சைக்குரிய அந்த வரியை அவரிடம் சொல்லவே இல்லை என்று தெரிந்தது 2020இல். ஆடிட் ரிப்போர்ட் எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

2017இல் சமூக ஊடகங்களில் இருந்த எல்லாக் கணக்கையும் துடைத்துக் கறுப்பாக்கிவிட்டு, ஒரு பாம்பு வாலாட்டுகிற வீடியோவோடு திரும்பினார். ஆல்பம் 'ரெப்யூட்டேஷன்'. தரையை அதிர வைக்கிற பேஸ், ட்ராப் தாளம், மெஷினில் போட்டுப் பிசைந்த குரல். பழைய டெய்லர் செத்துப்போனதாக ஒரு பாட்டில் போன் வழியாகவே இரங்கல் அறிவிப்பு. (மறுபடியும் போன்!) பேட்டி கிடையாது, விளக்கம் கிடையாது. இவ்வளவு உக்கிரமான அந்தப் பாட்டின் கோரஸ், 1991இல் ரைட் செட் ஃப்ரெட் என்ற குழு பாடிய, 'இந்தச் சட்டைக்கே நான் ரொம்ப அழகு' என்கிற ரகக் கோமாளிப் பாட்டின் தாளத்தில் உட்கார்ந்திருந்தது. எதிரிகளைச் சம்ஹாரம் செய்யப் புறப்பட்டவர் அந்தச் சட்டைக்காரர்களுக்கும் முறையாகப் பங்கு எழுதிவைத்தார். நாணயம் என்றால் நாணயம். மேடையில் மாடி உயரத்துக்குப் பாம்பு பொம்மைகள். கடையில் பாம்பு மோதிரம், விலைக்கு. பாம்பென்றால் படையே நடுங்கும் என்பார்கள். இங்கே படை வரிசையில் நின்று விரல் அளவு சொன்னது. அந்தச் சுற்றுப்பயணத்தின் வசூல் 34 கோடி டாலருக்கு மேல்.

2019இல் 'லவர்'. ரோஜா நிறம், பட்டாம்பூச்சி, சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் திகட்டியது. அதன் முதல் சிங்கிளில் எழுத்துக்கூட்டுவதைப் பற்றி ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாதிரி ஒரு கூவல் இருந்தது. ஆல்பம் வந்தபோது சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள். பேரேட்டில் இவர் ரப்பர் போட்டது அபூர்வம், அதனால் குறிப்பிடுகிறேன்.

பென்சில் கோடு ஞாபகம் இருக்கிறதா? 2019 ஜூனில் போர்செட்டா தன் பிக் மெஷின் கம்பெனியை ஸ்கூட்டர் பிரான் என்ற மேனேஜருக்கு விற்றார். விலை சுமார் 30 கோடி டாலர் என்றார்கள். அம்மணியின் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப் பதிவுகளும் கூடவே கைமாறின. பிரான், கான்யேவுக்கும் மேனேஜராக இருந்தவர். இதில் சட்டம் கொஞ்சம் விசித்திரமானது. பாட்டு வேறு, பதிவு வேறு. வார்த்தையும் மெட்டும் எழுதியவருக்கு. டேப்பில் பதிந்த சத்தம் கம்பெனிக்கு. சமையல் குறிப்பு இவருடையது, அண்டாவில் இருக்கிற சாம்பார் அவர்களுடையது. மற்றவர்கள் கோர்ட்டுக்கு ஓடியிருப்பார்கள். இவர் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தார். முதல் ஐந்து ஆல்பங்களை 2020 நவம்பரிலிருந்து திரும்பப் பாடிப் பதியலாம் என்று இருந்தது. சரி, அதே சாம்பாரை மறுபடி வைக்கிறேன் என்று கிளம்பினார்.

அடுப்பு பற்றவைப்பதற்குள் கொரோனா வந்துவிட்டது. 2020 ஜூலையில், ஒரு நாள்கூட அவகாசம் தராமல் 'ஃபோக்லோர்'. டிசம்பரில் அதன் தங்கை 'எவர்மோர்'. தி நேஷனல் குழுவின் ஆரன் டெஸ்னர் எங்கேயோ இருந்துகொண்டு பியானோவும் கிதாரும் வாசித்து அனுப்ப, இவர் தன் வீட்டிலிருந்து பாடிச் சேர்த்தார். டிரம் அடங்கியது. கம்பளிச் சட்டை, பனிமூட்டம், காடு. 'வசவு உண்டு, ஜாக்கிரதை' என்ற முத்திரை குத்தி வந்த அவருடைய முதல் ஆல்பமும் 'ஃபோக்லோர்'தான். முப்பது வயதில் லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. பெரிய மாற்றம் வேறிடத்தில். இந்தமுறை பிறத்தியார் கணக்கை எழுதினார். பெட்டி, ஜேம்ஸ் என்று கற்பனைப் பிள்ளைகளை வைத்து ஒரு முக்கோணக் காதலை மூன்று பாட்டில், மூன்று பேர் வாயால் சொன்னார். ரெபெக்கா ஹார்க்னஸ் என்ற பழைய காலத்துப் பணக்கார விதவை ரோட் ஐலண்டில் ஒரு மாளிகையில் அடித்த கூத்தை ஒரு பாட்டில் அழகாகச் சொல்லிக்கொண்டே போவார். கடைசியில் தெரியும், அந்த மாளிகையை 2013இல் வாங்கியது இவர்தான். அடுத்தவர் கதையை எழுதினாலும் பட்டா தன் பேருக்கு மாறும் இடத்தில்தான் முற்றுப்புள்ளி.

'எவர்மோர்' ஆல்பத்தில் 'மார்ஜரி' என்று ஒரு பாட்டு. அந்த ஓபரா பாட்டிதான். 2003இல் செத்துப்போனவர். பழைய பதிவிலிருந்து பாட்டியின் குரலையே எடுத்துப் பின்னால் மிதக்கவிட்டிருக்கிறார்கள். பாட்டி கடைக்குப் போய்வந்த பில்லைக்கூடப் பத்திரமாக எடுத்துவைத்திருக்கலாமே என்று பேத்தி அங்கலாய்க்கிற இடம் ஒன்று வரும். நான் அதை ஒரு தடவைதான் கேட்டேன். இரண்டாம் தடவை கேட்கிற அளவுக்கு நெஞ்சு தெம்பாக இல்லை.

2021இலிருந்து 2023க்குள் நான்கு பழைய ஆல்பங்கள் 'டெய்லர்ஸ் வெர்ஷன்' என்ற முத்திரையோடு மறுபடி வந்தன. முப்பது தாண்டியவர், 18 வயசில் அழுததை அதே இடத்தில், அதே மூச்சில், அழாமல் அழுதார். நகல் எடுப்பதில் அப்படி ஒரு சுத்தம். 'பெட்டர் தேன் ரிவெஞ்ச்' பாட்டில் மட்டும் இன்னொரு பெண்ணை வைத ஒரு வரியை மாற்றினார். வயசானால் கொஞ்சம் வரும் இல்லையா. 'ஆல் டூ வெல்' இப்போது 10 நிமிஷம் 13 விநாடி நீளத்துக்கு முழு ஸ்கார்ஃபாக விரிந்து, அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டுகளிலேயே நீளமானது என்ற பேரைப் பெற்றது. 1972இலிருந்து அந்த இடத்தில் இருந்த டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' எழுந்து இடம் கொடுத்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் வசூல் சரித்திரம், வேகமாகப் புரட்டலாம். 2022இல் 'மிட்நைட்ஸ்', அரையிருட்டுச் சின்தசைசர். அமெரிக்கப் பட்டியலின் முதல் பத்து இடமும் ஒரே வாரத்தில் அவருக்கே. 2023 மார்ச்சிலிருந்து 2024 டிசம்பர் வரை 'எராஸ்' சுற்றுப்பயணம்: 149 கச்சேரி, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்கு மேல், டிக்கெட் வசூல் 207 கோடி டாலர். டிக்கெட் விற்ற அன்று கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதில் அமெரிக்க செனட்டின் கமிட்டியே கூடி விசாரித்தது. சியாட்டிலில் ஜனம் குதித்த குதியை நிலநடுக்கக் கருவி பதிவு செய்தது. 2019இல் கிடப்பில் விட்ட 'குரூயல் சம்மர்' பாட்டு நான்கு வருஷம் கழித்து முதலிடம் வந்தது. அதை வைப்புநிதி முதிர்வு என்போம். 2024இல் 'தி டார்ச்சர்ட் பொயட்ஸ் டிபார்ட்மென்ட்'. ராத்திரி ஆல்பம் வந்தது, இரண்டு மணி நேரத்தில் அதற்கே இரண்டாம் பாகம் வந்தது, மொத்தம் 31 பாட்டு. வார்த்தை, வார்த்தை, மேலும் வார்த்தை. எடிட்டர் லீவில் போயிருந்தார் போலும். பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்கிற வெறி கணக்குப்பிள்ளைக்கு வரக்கூடாது. வந்தால் பேரேடு இப்படித்தான் இருக்கும்.

2025 மே 30 அன்று முதல் ஆறு ஆல்பங்களின் மூலப் பதிவுகளைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். பழைய சாம்பார், புது சாம்பார் இரண்டு அண்டாவும் இப்போது அவர் வீட்டில். ஆகஸ்டில் டிராவிஸ் கெல்ஸி என்ற அமெரிக்கக் கால்பந்து (நம் கால்பந்து அல்ல) வீரரோடு நிச்சயதார்த்தம். அக்டோபரில் 'தி லைஃப் ஆஃப் எ ஷோகர்ல்'. பழைய ஸ்வீடன் மேஸ்திரிகள் திரும்பி வந்தார்கள், பன்னிரண்டே பாட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட விதவிதமான அட்டைகளிலும் பதிப்புகளிலும் முதல் வாரம் 40 லட்சம். முதல் பாட்டு 'தி ஃபேட் ஆஃப் ஒஃபீலியா'. ஹாம்லெட் நாடகத்தில் ஷேக்ஸ்பியர் தண்ணீரில் மூழ்கடித்த பெண். பதினேழு வருஷத்துக்கு முன் ஜூலியட்டைப் பிழைக்க வைத்தவர், இவளையும் கரையேற்றிவிட்டார். டெஸ்டிமோனா இன்னும் பாக்கி இருக்கிறாள்.

ஆக ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். போன்காரன் வரவு வைக்கப்பட்டான். கிதார்காரர் கையெழுத்தே போட்டுவிட்டார். விமர்சகரின் வசவுக்கு இரண்டு கிராமி, பாம்புக்கு மோதிரம், மூலப் பதிவு ஆறும் கைக்கு வந்தாயிற்று. ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. அந்த ஸ்கார்ஃப் இன்றுவரை திரும்பவில்லை.

அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். எழுந்துபோய் அலமாரியைக் குடைந்து, சிவப்பாக ஒன்றை எடுத்துவந்து கழுத்தில் சுற்றிக்கொண்டாள். 'ரெட்' மறுபடி வந்தபோது அம்மணியின் சொந்தக் கடையிலேயே அந்த ஸ்கார்ஃபைப் பின்னி விற்றார்களாம். ஒன்று தொலைந்தது, எத்தனை விற்றது என்று தெரியாமல் ஐந்தொகையை மூடாமல் வைத்திருக்கிறேன். மே மாசம், மின்சாரம் வேறு இல்லை. கழுத்தைச் சுற்றிக் கம்பளியோடு வியர்த்து வழிந்தபடி அவள் பத்து நிமிஷம் பதின்மூன்று விநாடியையும் முழுசாகப் பாடிக் காட்டினாள்.